அஸ்தினாபுரத்துத் தண்ணீர்

"க்ளாஸ் முடியற மணி அடிக்கும்போது வருவேன், சத்யப்ரியா. பாதி பெஞ்சு காலியா இருந்தா இந்த நானோ பாடத்தை நிறுத்திடலாம்" என்று துறைத் தலைவர் யக்ஞநாராயணன் காலையிலேயே சொல்லிவிட்டார். ஒரு வருடம் அவர் அறைக்கு நடையாய் நடந்து வாங்கிய பாடம். விட்டுவிடுவேனா?

தாம்பரத்தில் எங்கள் கல்லூரியின் எம்.எஸ்ஸி., எம்.ஈ. மாணவர்கள் எல்லோருக்கும் பொதுவான வகுப்பு. மெக்கானிக்கல், சிவில், வேதியியல், தாவரவியல் என்று அவியல் கூட்டம். துறைக்கொரு பெஞ்சாகப் பிரிந்து, பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று அடுப்பை மூட்டினேன்.

கொதிக்கும் தங்கக் கரைசலில் சிட்ரேட் என்ற ரசாயனத்தை விட்டதும் வெளிர்மஞ்சள் கறுத்து, பிறகு மாதுளைச் சாறாகச் சிவந்தது.

"இதுவா மேம் தங்கம்?"

"தங்கமேதான். முடியோட தடிமன்ல ஆயிரத்துல ஒரு பங்குகூட வராத துணுக்குங்க. அவ்வளவு சின்னதாயிட்டா தங்கம் சிவப்பாயிடும்."

பைகள் மடியிலிருந்து இறங்கின. கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். "ஐயையோ!" என்று சத்தம். குடுவையில் இருந்ததெல்லாம் நீலமாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெக்கானிக்கல் மோகன்ராஜ், கையில் காலி டம்ளரோடு.

"கொதிச்சு லெவல் எறங்கிடுச்சு மேம். குழாய்த் தண்ணி ஊத்தி டாப்-அப் பண்ணேன்."

"இது என்ன ரேடியேட்டரா? மடையா!" என்று கத்தினேன். இன்னொரு முறை செய்யத் தங்கம் இல்லை.

"மேம், நம்ம காலேஜ் போர் தண்ணி பயங்கர உப்பு" என்றாள் சிவில் ஞானசௌந்தரி.

வேதியியல் ஸ்நேகா துள்ளி எழுந்தாள். "அப்போ உப்புதான்! துணுக்குங்க ஒண்ணை ஒண்ணு தள்ளிட்டு தனித்தனியா நிக்குது. உப்பு வந்தா தள்ளுற சக்தி போயிடும். ஒட்டிக் கட்டியாயிடும், அதான் நீலம்!"

"கட்டியானா கலர் மாறுமா? அப்ப தண்ணில உப்பு இருக்கான்னு இதை வெச்சே பாக்கலாமே!" என்றான் மோகன்ராஜ்.

அவ்வளவுதான். கடைசி பெஞ்சுக் குழாயிலிருந்த சிவப்பைச் சொட்டுச் சொட்டாக வேறு குழாய்களில் பங்கு போட்டார்கள். பைகளிலிருந்து வீட்டுத் தண்ணீர் பாட்டில்கள் வெளியே வந்தன. படப்பைத் தண்ணீர் சிவப்பாகவே நின்றது, விசில் பறந்தது. நாவலூர் ஊதாவானது, "ஓ!" என்று கூச்சல். எந்தத் துறை எந்த பெஞ்சு என்று யாருக்கும் நினைவில்லை. மணி அடித்ததுகூட எங்கள் காதில் விழவில்லை. நானும் அவர்களோடு கத்திக்கொண்டிருந்தேன்.

"என்ன கலாட்டா இது?"

வாசலில் யக்ஞநாராயணன். எல்லோரும் அவசரமாகக் குழாய்களைக் கீழே வைத்தோம். மோகன்ராஜ் மட்டும் அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்தான்.

"சார், அது உங்க வீட்டுத் தண்ணியா?"

"எங்க அஸ்தினாபுரத்து வீட்டுக் கிணத்துத் தண்ணி. கல்கண்டு மாதிரி இருக்கும். புதுசா ஃபில்டர் வேற போட்டிருக்கேன்" என்று பெருமையாக நீட்டினார்.

கடைசியாக மிஞ்சிய சிவப்பில் அதை விட்டோம். பளிச்சென்று நீலம். "நீலம்னா உப்பு, சார்" என்றான் மோகன்ராஜ்.

அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஃபில்டர்காரன் ஏமாத்திட்டானா, கிணறே அப்படித்தானா? ரெண்டு தண்ணியும் தனித்தனியா கொண்டு வரேன். அடுத்த க்ளாஸ் என்னிக்கு?"