சுவக்கீன் கற்ற ஆங்கிலம்

ஏலக்காட்டில் மருந்தடிக்கும் வேலை பார்த்த சுவக்கீன், ஐம்பது வயதுக்கு மேல் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியது பேத்திக்காக. மகள் பின்சி அயர்லாந்தில் நர்ஸ். அங்கே பிறந்த குழந்தைக்குத் தமிழ் வரவில்லை. வீடியோவில் அது ஏதாவது கேட்கும். இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். தாத்தாவுக்குக் காது கேட்காதா என்று ஒருநாள் அது கேட்டதாம். பின்சி அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். சுவக்கீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் ஒரு பாடம் கிடைத்தது. ஒரு சொல்லைக் கொடுத்து, அது வரும் வாக்கியங்களைச் சொல்லித் தரும். இலக்கணமும் அதோடு வந்துவிடும். வேலை முடிந்து எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தமாகச் சொல்வார். ‘ஷி ஸ்ப்ரெட் த க்ளாத்’, அவள் துணியை விரித்தாள். ‘த ஃபயர் ஹேஸ் ஸ்ப்ரெட்’, தீ பரவிவிட்டது. விரிப்பதற்கும் பரவுவதற்கும் ஒரே சொல்லா என்று மனைவி சந்தனமேரியிடம் போய் வியந்தார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை.

பேத்தியிடம் நாலு வார்த்தை பேசத் தொடங்கிய சமயத்தில்தான் வயிற்றுவலி வந்தது. ஆள் பாதியாக இளைத்தார். கோட்டயத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் கட்டிலருகே வந்து, மகளிடம் பேச வேண்டும் என்றார். சந்தனமேரியின் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும். இவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார்.

“இட் ஹேஸ் ஸ்ப்ரெட் டு த லிவர்.”

சுவக்கீன் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஈரலுக்குப் பரவிவிட்டது. அதன்பிறகு டாக்டர் வேகமாகச் சொன்னது பாதிதான் பிடிபட்டது. வீடு என்றார், வைத்தியம் இல்லை என்றார். அப்பாவிடம் சொல்லாதீர்கள் என்று பின்சியும் ஆங்கிலத்தில் கெஞ்சியது மட்டும் முழுதாகப் புரிந்தது. அழுகையை அடக்க அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

டாக்டர் போனபின் அம்மாவிடம் அவள், வயிற்றுப் புண்தான், மருந்தில் ஆறிவிடும் என்றாள். சந்தனமேரியின் முகம் தெளிந்தது. சுவக்கீன் போனைக் கேட்டு வாங்கினார்.

“ஐ ஹேவ் அண்டர்ஸ்டுட். டோன்ட் டெல் யுவர் மதர்.”

எனக்குப் புரிந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே.

“பிள்ளைட்ட என்ன இங்கிலீசுல பேசுதிய?” என்று சந்தனமேரி கேட்டாள். பேத்தியை விசாரித்தேன் என்றார்.

லயம் முழுக்க அவள் புண் என்றே சொல்லி வைத்தாள். கஞ்சி வைத்தாள், நாட்டுக்கோழி வாங்கிச் சாறு எடுத்தாள். அவருக்கு இறங்கவில்லை. மருந்தை மட்டும் தின்றால் போதுமா, வயிற்றைக் காயப்போட்டால் புண் எப்படி ஆறும் என்று சண்டை பிடித்தாள். அவளுக்காக இரண்டு வாய் குடித்துவிட்டு, அவள் அந்தப் பக்கம் போனதும் வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தார்.

லீவு கிடைத்து, பின்சி குழந்தையோடு வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. படித்த ஆங்கிலம் ஒன்றும் மிஞ்சவில்லை. குழந்தை வாசலிலேயே நின்று ஹலோ என்றது. அவர் தமிழில் தண்ணீர் கேட்டார். தாத்தா என்ன சொல்கிறார் என்று அது அம்மாவைப் பார்த்தது. அந்த வாரமே இறந்தார். மழையில் எஸ்டேட் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அன்று அப்பா என்ன பேசினார் என்று சந்தனமேரி பிறகு கேட்டாள். பின்சிக்கு அதற்குமேல் பொய் வரவில்லை. சொன்னாள்.

சந்தனமேரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாருமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்னய மட்டும் விட்டுட்டிய. கஞ்சி குடிக்கலைன்னு கடைசி வரைக்கும் அவுகள ஏசிக்கிட்டே இருந்தேன்.”

பின்சி அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் அயர்லாந்துக்குத் திரும்பும்வரை அவளோடு பேசவில்லை.