தொலைந்ததாக ஒரு கையெழுத்து

பேனாவை அப்பாவின் விரல்களுக்கு நடுவே செருகி, அந்த விரல்களைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள் மகள். அவர் வயிற்றின்மேல் தலையணை, தலையணைமேல் பரீட்சை அட்டை, அட்டையில் கவ்விய பத்திரம்.

"போடுங்கப்பா. ஒரே ஒரு கையெழுத்துதான்."

அவர் கண்ணைத் திறந்து பத்திரத்தைப் பார்த்தார். பேருந்துகளில் ஏறி, முப்பத்தொரு வருஷம் ஊராருடைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்த கண் அது. எழுத்து தெரிந்ததோ என்னவோ, என்ன காகிதம் என்று தெரிந்துவிட்டது. தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"வேண்டாம்மா. நீ அங்க போகாத."

போன வாரம் முழுக்க இதே பாட்டுதான். அவளுக்குப் பொறுமை எப்போதோ போய்விட்டிருந்தது. அப்பாவுடைய காரின் பதிவைப் புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள். புதுப்பிக்கப் பதிவுப் புத்தகம் வேண்டும். புத்தகம் இல்லையென்றால், அது தொலைந்துபோனது என்று உரிமையாளரே உறுதிமொழி எழுதித்தர வேண்டும். ஏற்கெனவே நான்கு முறை அலுவலகத்துக்கு அலைந்திருந்தாள். ஒருமுறை படிவம் பழையது என்றார்கள். ஒருமுறை புகைப்படம் சின்னதாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு நாள் கவுண்டரில் ஆளே இல்லை. நான்காம் முறைதான் இந்தப் பத்திரத்தைக் கேட்டார்கள்.

"இன்னைக்கு வேண்டாம்டி. மூச்சு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் கட்டிலின் மறுபக்கம் நின்ற அத்தை. அப்பாவின் தங்கை. பத்து நாளாக இங்கேதான் இருக்கிறாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேணாமா அத்தை?"

ஆஸ்பத்திரியில் இனிமேல் வேலை இல்லை என்று டாக்டர் சொல்லி நான்கு நாளாகிவிட்டது. அது மூவருக்கும் தெரியும்.

மகள் அவர் கையை அழுத்தினாள். பேனா நகர்ந்தது. தாளில் விழுந்ததில் பாதி அவருடைய கையெழுத்து, பாதி அவளுடையது. கொஞ்சம் ஈரமாயிருந்த மையை ஊதிக் காயவைத்தபோது, கோபத்தோடு கோபமாக ஒருமுறை படித்தும் பார்த்தாள். 'மேற்படி புத்தகம் என் வசமிருந்து தொலைந்துவிட்டது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அதை எந்தக் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் ஒப்படைக்கவில்லை என்று மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்.' அச்சடித்த வார்த்தைகள்தான், எல்லோருக்கும் பொது.

"மூணு மணி நேரத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்காததற்கு அவளிடம் காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற வருஷம் ஒரு பல் டாக்டரிடமிருந்து அந்தப் பழைய காரை வாங்கினார் அப்பா. புத்தகம் இரும்பு அலமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் அதைக் காணோம். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார்: "நீதான் பழைய பேப்பரோட சேத்து எடைக்குப் போட்டிருப்ப." அந்த வாரம் அவள் பழைய பேப்பர் போட்டது உண்மை. அதனால் வாயடைத்துப் போனாள். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நூற்று இருபது கண்ணாடிக் குடுவைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறவள், ஒரு குடுவை உடைந்தாலும் எந்த வகுப்பில் யார் உடைத்தது என்று சொல்லக்கூடியவள், ஒரு புத்தகத்தைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

இரண்டு நாள் சாயங்காலம் பழைய பேப்பர் கடையில் மூட்டை மூட்டையாகக் கொட்டித் தேடினாள். மூக்கில் தூசி ஏறி ஒரு வாரம் தும்மினாள். இரண்டாம் நாள் தம்பிகூட வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேடினான். வீடு திரும்பும்போது அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கிடைச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றதும் "ம்" என்றார்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்களுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகையை நீட்டும்போதுகூட, "பத்திரமா வைம்மா, எடைக்குப் போட்டுடாத" என்பார்கள். அப்பா அங்கேயே இருப்பார். ஒருதடவைகூட, அவளை விடுங்கள் என்று சொன்னதில்லை.

அலுவலகத்தில் இன்று அதிசயமாக வரிசை நகர்ந்தது. முன் கவுண்டரைத் தாண்டி முதன்முறையாக உள்மேசைக்கே அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தவள் நடுவயதுக்காரி. கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். சிடுசிடுக்காமல் தாள்களை வாங்கி அடுக்கி, வண்டி எண்ணைக் கணினியில் தட்டினாள். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இந்தப் புத்தகம் தொலையலையேம்மா."

"வீடு பூரா தேடியாச்சுங்க."

"வீட்டுல எப்படி இருக்கும்? கோர்ட்ல இருக்கு." அலுவலர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "உங்கப்பா சைக்கிள்ல போன ஒருத்தர இடிச்சிருக்காரு. லைசென்ஸ ஆறு மாசம் நிறுத்தி வச்சிருக்காங்க. கேஸ் எப்பவோ முடிஞ்சிடுச்சு. புத்தகத்த வந்து வாங்கிக்கங்கன்னு ரெண்டு லெட்டர் போயிருக்கு."

மகள் விபத்து நடந்த தேதியைப் பார்த்தாள். இன்னொருமுறை பார்த்தாள்.

அந்தத் தேதியை அவள் மறக்க வழியில்லை. அன்றைக்குத்தான் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். காலை ஏழு மணியிலிருந்து இருட்டும்வரை கண் ஆஸ்பத்திரியின் பெஞ்சில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். இடது கண்ணில் கட்டோடு அப்பா உள்ளே படுத்திருந்தார். மதியச் சாப்பாடு கொண்டுவரத் தம்பி காரை எடுத்துக்கொண்டு போனான். சாப்பாடும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. வண்டி நின்றுவிட்டது என்று போன் மட்டும் வந்தது. வாடகை வண்டியில் அப்பாவைக் கூட்டிப்போனாள். அடுத்த வாரம் காருக்குப் புது விளக்கு ஒன்று வந்திருந்தது. கேட்டில் இடித்துவிட்டேன் என்றார் அப்பா. கண் சரியாகத் தெரியவில்லை, இனி நீயே ஓட்டு என்று சாவியையும் கொடுத்துவிட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். அந்தச் சோற்றையும் அவளையே வடிக்க வைத்திருக்கிறார்கள்.

அலுவலர் இப்போது பத்திரத்தைக் கையில் எடுத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கயும் ஒப்படைக்கலைன்னு எழுதிக் கையெழுத்து போட்டிருக்காரு. இத நான் வாங்கி ஃபைல்ல வச்சா பொய்ச் சத்தியம்னு ஆயிடும். எடுத்துட்டுப் போயிடுங்க. நான் பாக்கல."

பையில் போன் அடித்தது. அத்தை. மகள் எடுத்துக் காதில் வைத்தாள். அத்தை அழவில்லை. "வந்துடும்மா" என்று மட்டும் சொன்னாள். பின்னால் யாரோ கதவைத் திறந்து வைக்கச் சொல்வது கேட்டது.

போனை அணைத்த பிறகும் அலுவலர் தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் பெரிய வேலையில்ல. உங்கப்பாவ ஒரு தடவ நேர்ல வரச் சொல்லுங்க. கோர்ட்டுக்கு ஒரு கடிதம் தரேன், அன்னைக்கே கையில குடுத்துடுவாங்க."

"வர மாட்டாருங்க" என்று சொல்லி, மகள் தாள்களை வாரிக்கொண்டு எழுந்தாள்.

வழியெல்லாம் அவள் அழவில்லை. கேட்கவேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே ஓட்டினாள். பேப்பர் கடையில் நான் மூட்டையைக் கொட்டியபோது உங்களுக்கு எப்படி வாசலில் உட்கார்ந்திருக்க முடிந்தது? 'கிடைச்சுதா' என்று எந்த வாயால் கேட்டீர்கள்? ஒரு சிக்னலில் முன்னால் நின்ற வேன் நகரவில்லை. ஹாரனில் உள்ளங்கையை வைத்தவள் எடுக்கவேயில்லை. வேன்காரன் இறங்கிவந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். இத்தனை கேள்வியையும் கொண்டுபோய் யார் முன்னால் வைப்பது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டு வாசலுக்குள் காரை அவள் நிறுத்திய விதமே கோணல். வழியை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது அது.

அப்பாவைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. மகள் கால்மாட்டில் நின்று பார்த்தாள். முகம் எதையும் ஒப்புக்கொள்கிற மாதிரி இல்லை. வழக்கம்போலக் கண்டிப்பாகத்தான் இருந்தது.

அத்தை அவள் தோளைத் தொட்டுச் சொன்னாள். நீ போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வந்துட்டாளா, வந்துட்டாளான்னு மூணு தரம் கேட்டார். உன்னிடம் ஏதோ சொல்லவேண்டும் என்றார்.

"என்னன்னு கேட்டேன். பேப்பர், பேப்பர்னாரு. இன்னைக்குப் பேப்பர்ல ஒண்ணுமில்ல, அவ வந்ததும் படிச்சுக் காட்டுவான்னு சொன்னேன். அவ்வளவுதான்."

மகள் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே நின்றாள்.

மத்தியானத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. அப்பாவோடு வேலை பார்த்த பழைய கண்டக்டர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். அப்பா ஒருமுறை பேருந்தில் ஏறிச் சோதித்தபோது, டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தவள் சொந்தத் தங்கச்சி. சில்லறை இல்லை அண்ணா என்று சிரித்தாளாம். அவர் சிரிக்கவில்லை. அபராதச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டாராம். அத்தை, அழுத முகத்தோடே, ஆமாம் என்று தலையாட்டினாள்.

"வாழ்க்கையில ஒரு பொய் சொல்லாத மனுஷன்" என்றார் கண்டக்டர்.

மகள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். துவைக்கிற கல்லின்மேல் அவருடைய போர்வை நனைந்தபடி கிடந்தது. அதை எடுத்துக் கல்லில் அடித்தாள். சோப்பு போடாமலே அடித்தாள். யாரோ எட்டிப் பார்த்து, இதெல்லாம் இப்போது எதற்கு, விடு என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

மூன்று மணிக்குத் தம்பி வந்தான். ரயில் ஓட்டுகிறவன். பாதி வழியில் வேலையை மாற்றிக் கொடுத்துவிட்டு, சீருடையோடே வந்திருந்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அவன் அழுத அழுகையில், அதுவரை அழாதவர்களும் அழுதார்கள். மகள் அவன் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு அவனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சைக்கிள்ல வந்தவர் யாரு?"

அவன் எதிர்பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"தச்சு வேலை செய்யறவர். கால் உடைஞ்சிடுச்சு. எனக்கு வேலை ஆர்டர் வர்ற நேரம்க்கா. கேஸ்னு ஒண்ணு இருந்தா ரயில்ல ஏத்தவே மாட்டாங்க. அப்பாதான், அவரே ஓட்டினதா எழுதிக் குடுக்கறேன்னாரு. மறுநாள் கண் கட்டப் பிரிச்சுட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்தாரு. நான் கேக்கலக்கா. அவராத்தான் வந்தாரு."

"இப்ப அந்தக் கால் உடைஞ்சவர் நடக்கறாரா?"

"நடக்கறாராம். கொஞ்சம் சாய்ஞ்சு."

"நீ போய்ப் பாக்கல."

"அப்பா போவாரு. மாசம் ஒரு தடவ."

மாதம் ஒரு தடவை, பழைய நண்பர்களைப் பார்க்க என்று சட்டை மடிப்பு கலையாமல் கிளம்பிப்போவார். ஏன் சாப்பிடாமல் போகிறீர்கள் என்று அவள் சண்டை போடுவாள்.

"சரி. அப்பா போய்ட்டாரு, அவர கேக்க முடியாது" என்றாள். குரல் உயரவில்லை. "உன்னக் கேக்கறேன். பேப்பர் கடையில எம்பக்கத்துல உக்காந்து தேடினியேடா. ஒவ்வொரு மூட்டையா அவிழ்த்துக் குடுத்தியே. எதைத் தேடின?"

அவன் சட்டையில் பெயர்ப்பட்டை கோணலாகத் தொங்கியது. வேறொரு நாளாக இருந்தால் அவள் கை தானாகவே போய் அதைச் சரிசெய்திருக்கும்.

"உனக்கு அப்பவே சொல்லணும்னு அப்பாகிட்ட..."

"அவர இழுக்காத."

கூடத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். சவ வண்டி வந்துவிட்டது, உள்ளே வர முடியவில்லை, கார் வழியில் நிற்கிறது, யாராவது எடுங்கள்.

மகள் பையிலிருந்து சாவியை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அக்கா, நான் அன்னைக்கப்புறம் அதத் தொட்டதே இல்ல."

"ரயில் ஓட்டற இல்ல. எடு."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவன் நடந்தான். காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தான். முதல்தடவை இன்ஜின் அணைந்தது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. மகள் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, காருக்கு நேர் பின்னால் போய் நின்றாள். வா என்று கையைக் காட்டினாள்.

கார் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தது. சவ வண்டியின் டிரைவர் தன் ஜன்னல் வழியாக, கொஞ்சம் ஓரமா நில்லும்மா என்றார். கண்ணாடியில் தம்பியின் கண்கள் தெரிந்தன. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கார் நின்றுவிட்டது.

அவள் நகரவில்லை. இன்னும் இடமிருக்கிறது என்பதுபோல, வா, வா என்று கையை அசைத்துக்கொண்டே இருந்தாள்.