இன்னொரு தடவை

வெந்நீரில் நனைத்த துண்டைப் பிழிந்து, அண்ணனின் முட்டியைச் சுற்றிப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார் இருளாண்டி. கால் அசையவில்லை. காலையில் தியானத்துக்காகச் சுவரோரம் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்த அழகுமலை, பதினோரு மணிக்கும் அதே சம்மணத்தில்தான் இருந்தார். சாய்ந்துவிடாமல் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணி நெற்றிக்கு மேல் முடிச்சாக நின்றது.

"வலிச்சு இழுக்காத இருளாண்டி. எலும்பு கிலும்பு போயிரப் போவுது" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

புதுக்கோட்டையிலிருந்து திருப்பதி சார் வந்திருந்தார். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் யோகா வகுப்பு நடத்துகிறார். அழகுமலை நான்கு வருஷமாக அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வகுப்பு ஆட்கள் நான்கு பேர் வெள்ளை உடையில் சாருக்குப் பின்னால் கைகட்டி நின்றார்கள்.

"எதுக்குங்க அவரை நீட்டிப் படுக்க வைக்கணும்?" என்றார் சார். "இது சாதாரண சாவு இல்ல. தியானத்துல உக்காந்தபடியே அடங்கிருக்காரு. நாங்கெல்லாம் ஆயுசு பூரா ஆசப்படுற சாவு. இப்படியே மாலையப் போட்டு, நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போவோம். அதுதான் அவருக்கு மரியாதை."

"எங்க வகையறாவுல அந்தப் பழக்கம் இல்லைங்களே சார்" என்றார் இருளாண்டி. ஆனால் குரலில் ஒரு பெருமை தட்டியது. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி உள்ளே வந்து, மடங்கியிருந்த பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள்.

அடுப்படி வாசலில் பெண்களுக்கு நடுவே சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "குடுத்து வச்ச மனுசன். ஒரு சத்தம் இல்லாமப் போயிட்டாரு."

"மதினி, நீங்க சொல்லுங்க" என்று இருளாண்டி திரும்பினார். "உக்கார வச்சுத் தூக்குவமா, படுக்க வைப்பமா?"

சொர்ணம் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. இடது முட்டியைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய கால். கிளட்ச்சை மிதித்து மிதித்து முட்டி தேய்ந்துவிட்டது. அரை மணி நேரம் மடக்கி உட்கார்ந்தால், எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். வகுப்பில் யாருக்கும் அது தெரியாது. கேட்டால், "வலி உடம்புக்குத்தான், எனக்கில்ல" என்பார். படுக்கும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் காலை அவள் பக்கம் நகர்த்தி வைப்பார். அவளும் ஒன்றும் கேட்காமல் தைலம் தேய்த்துவிடுவாள்.

"படுக்க வைங்க தம்பி" என்றாள். "அவருக்கு எடது முட்டி வலி. ரொம்ப நேரம் மடக்கி வச்சிருந்தாத் தாங்க மாட்டாரு. நீட்டி விட்ருங்க."

திருப்பதி சார் ஒதுங்கி வழிவிட்டார்.

சொர்ணமே எழுந்து வந்தாள். இருளாண்டியிடமிருந்து துண்டை வாங்கிக்கொண்டாள். வெந்நீர் ஒற்றி, எண்ணெய் தடவி, எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்த கையால் மெதுவாக நீவினாள். கால் மணி நேரம் ஆனது. முட்டி கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கால் நீண்டது. எல்லாருமாகத் தூக்கிப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். படுத்ததும் அவர் ஒரு யோகியைப் போலில்லை. டூட்டி முடித்து வந்து சாய்ந்திருக்கும் டிரைவரைப் போல் இருந்தார்.

அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை.

டிரைவராக இருந்த காலத்தில் அழகுமலைக்குக் கோபம் அதிகம். வண்டியை விட்டு வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவார். ரோட்டைத் திட்டுவார், கண்டக்டரைத் திட்டுவார், குழம்பைத் திட்டுவார், அவளைத் திட்டுவார். மூன்று நான்கு தடவை தட்டு முற்றத்தில் போய் விழுந்திருக்கிறது. மகள் அருணா அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் அந்தத் திட்டுக்கு நடுவேதான் ஊர் உலகத்துச் செய்தியெல்லாம் சொர்ணத்துக்கு வந்து சேரும். கீரனூரில் ஏறிய கிழவி டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டது, பின் சீட்டில் ஒரு ஆடு குட்டி போட்டது, விராலிமலை ரோட்டில் மழைக்கு ஒதுங்கி நின்ற மயில்கள். எல்லாவற்றையும் அவர் கோபமாகத்தான் சொல்வார். மயிலைக்கூட.

ரிட்டயராகி அடுத்த வருஷமே நெஞ்சு வலி வந்தது. திருச்சியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கோபத்தைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னார். திருப்பதி சார் வகுப்பில் சேர்ந்தார். ஆறு மாதத்தில் ஆளே மாறிப்போனார். ஒரு நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியவளிடம், "ஒனக்கு நெறயாக் கொடும பண்ணிட்டேன்" என்றார். சொர்ணம் அன்று அடுப்படியில் நின்று வெகுநேரம் அழுதாள். இனிமேல் இவரோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. காலையில் ஒரு மணி நேரம் தியானம், சாயங்காலம் ஒரு மணி நேரம். சாப்பாட்டில் புளியும் மிளகாயும் போயின. வரகும் சாமையும் வந்தன. சாப்பிடும்போது டி.வி. கிடையாது, பேச்சு கிடையாது. ஒவ்வொரு வாயையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். மெல்லும்போது வேறு நினைப்பே கூடாது. அவர் தலை குனிந்து மென்றுகொண்டிருப்பார். எதிரே உட்கார்ந்து சொர்ணம் பார்த்துக்கொண்டிருப்பாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் ரசத்தில் உப்பே போடாமல் வைத்தாள். அவர் மென்றார், விழுங்கினார். முடித்ததும் தட்டைப் பார்த்துக் கும்பிட்டார். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டாள். அதையும் அப்படியே மென்றார். அவளுக்குத்தான் பயம் வந்துவிட்டது. பிரஷர் ஏறிவிடுமோ என்று ஓடிப்போய் மோரைக் கலக்கிக் கொண்டுவந்தாள். மோரையும் குடித்துவிட்டுக் கும்பிட்டார்.

"நீயும் வந்து உக்காரு. மனசு லேசாகும்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மூடியதும் சும்மா இருக்க முடியாமல் திறந்தாள். அவர் முகம் இரண்டடி தள்ளி இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து பயம் இல்லாமல் அந்த முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்படி வந்தது என்று கேட்க வேண்டும் என்று நினைத்தாள். தியானம் முடிந்ததும் அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அருணா ஓசூரிலிருந்து கார் பிடித்து இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். அப்பாவின் தலைமாட்டில் விழுந்து அழுதாள். பிறகு அம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். கொடியில் காலையில் போட்ட துணி இன்னும் எடுக்காமல் கிடந்தது.

"ஏம்மா, அப்பா எதுவும் சொன்னாரா?"

சொர்ணத்தின் முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"கூப்புட்டாரு" என்றாள்.

அருணாவின் கையில் சொம்பு நின்றது.

"துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஏழரை மணி இருக்கும். சொர்ணம்னு கூப்புட்டாரு."

"சத்தமாவா?"

"இல்ல. மெதுவாத்தான்."

"நீ போகலையா?"

சொர்ணம் ஈரப் புடவையின் ஓரத்தைப் பிழிந்தாள். கோபமாக இருந்த காலத்தில் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார். அமைதியான பிறகு கூப்பிடுவதே இல்லை. அந்த வாயில் அவள் பேர் வந்து எத்தனை வருஷம் என்று அவளுக்கே தெரியாது. காலையில் அது காதில் விழுந்ததும், ஈரத்துண்டை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவர் குரல்தான். போயிருக்கலாம், பத்து எட்டுத்தான்.

"இன்னொரு தடவ கூப்புடுவாருன்னு நின்னேன்" என்றாள்.

அருணா அவளையே பார்த்தாள்.

"கூப்புடல. மிச்சத் துணியப் போட்டுட்டு உள்ள வந்தேன். கண்ணு மூடி இருந்துச்சு. தியானத்துக்குத் திரும்பிட்டாருன்னு நெனச்சேன். அந்த நேரத்துல தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காருல்ல. கஞ்சி ஆறி ஆடை கட்டுற வரைக்கும் பாத்தேன். அப்பறம்தான் தொட்டேன்."

மகள் திட்டுவாள் என்று நினைத்தாள். திட்டினால் அழுதுவிடலாம் போலிருந்தது. அருணா சொம்பில் தண்ணீரை மொண்டு அம்மாவின் தோளில் மெதுவாக ஊற்றினாள்.

"ஒடனே போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணிருக்க முடியாதும்மா. ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்னு காலையில வந்து பாத்த டாக்டரே சொன்னாருல்ல."

"ம்."

"யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. சித்தப்பாட்டக்கூட. ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க."

"ம்" என்றாள் சொர்ணம்.

நாலரை மணிக்குத் தூக்கினார்கள். தெருமுனை வரைக்கும் பெண்கள் போய் நின்றார்கள். குளத்தூர் போகும் மினி பஸ் ஒன்று வழிவிட்டு ஓரம் கட்டி நின்றது. அதன் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பாடை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஏறினார்.

ஐந்தாம் நாள் காலையில் வகுப்பு ஆட்கள் பதினைந்து பேர் வந்தார்கள். அழகுமலையின் படத்துக்கு முன் வரிசையாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்கள். பிறகு திருப்பதி சார் பேசினார்.

"வகுப்புக்கு வந்த முதல் நாள் கைய இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தாரு. கோபத்த விடணும் சார், என்னால என் பொண்டாட்டி புள்ள நெறயாப் பட்டுட்டாங்கன்னாரு. விட்டுக் காட்டினாரு. சாப்பாட்டையே ஒரு தியானமா மாத்துனாரு. கடைசியில ஒரு சத்தமில்லாம, யாரையும் கூப்புடாம, தனக்குள்ளயே அடங்கிட்டாரு."

சொர்ணம் நிமிர்ந்தாள். எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த அருணா அம்மாவைப் பார்த்தாள். சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

கிளம்பும்போது சார் அவளிடம் வந்தார். நல்ல மனுஷர். கண் கலங்கியிருந்தது.

"காரியமெல்லாம் முடிஞ்சதும் நீங்களும் வகுப்புக்கு வாங்கம்மா. பஸ் ஏறுனா முக்கா மணி நேரம். மனசுக்கு அமைதி கிடைக்கும்."

"எங்க வீட்டுல அமைதிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல சார்" என்றாள் சொர்ணம்.

அழகுமலையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். கைகூப்பி, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அருணாவும் கிளம்பினாள். பிள்ளைக்குப் பரீட்சை, அவளுக்கு லீவு இல்லை. பதினாறுக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடுவதாகச் சொன்னாள். "ராத்திரிக்குச் சித்தி வந்து படுத்துக்கும். மாத்திர போடு. நேரத்துக்குச் சாப்புடு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று சொர்ணம் காத்திருந்தாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அருணா கையை விட்டுவிட்டுப் போனாள்.

வாடகை நாற்காலிகளை எடுத்துப் போய்விட்டார்கள். சொர்ணம் வீட்டைக் கூட்டினாள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த வீட்டுக்காரர் குரல்.

"மோட்டார நிறுத்தணும்னு தெரியாதா ஒனக்கு? காது அவிஞ்சு போச்சா?"

"போட்டது யாரு? நீங்கதான போட்டீங்க. போட்டவங்க நிறுத்துங்க."

"நான் போட்டனா? பொய் சொன்ன, பல்லு பேந்துரும்."

"ஆமா, ஒங்க ஆத்தா மாதிரியே பேசுங்க. அதுவும் இப்படித்தான், தான் செஞ்சத என் தலையில கட்டும்."

"எங்க ஆத்தாவ எதுக்கு இழுக்குற? ஒங்க அண்ணன் பண்ணுனத நான் சொல்லவா? கெடாவெட்டுக்குப் போன எடத்துல என்னைய எலை போடாம நிக்க வச்சானே..."

"பத்து வருசமா அந்த எலையவே சொல்லுங்க..."

ஒரு பாத்திரம் உருண்டது. அவர் எதற்கோ கத்தினார். அவள் அதற்கு மேல் கத்தினாள். சொர்ணம் கல்லில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த அண்ணன் ஏன் இலை போடவில்லை என்று அந்த வீட்டுக்காரி இன்னும் சொல்லவில்லை.

திடீரென்று அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது.

"சும்மாருங்க. மெதுவாப் பேசுங்க. அங்கிட்டு சாவு வீடு."

மோட்டார் நின்றது. கதவைச் சாத்தும் ஓசை வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. வழிந்த தண்ணீர் சுவரடி ஓட்டை வழியாக இந்தப் பக்கம் வந்து, மண்ணில் ஊறிக்கொண்டே சொர்ணத்தின் காலடி வரைக்கும் எட்டியது. அவள் காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.