கோட்டை நிலையத்தில் ஒரு பெண்பார்ப்பு

சிவமணியின் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் அவளுடைய குரலைத் தெரியும். கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் தமிழில் அறிவிப்புச் செய்பவள் அவள்தான். வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்க வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை பஸ்ஸில் "கொஞ்சம் வழி விடுங்கோ" என்று அவள் சொன்னதற்கு, தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து எத்தனையாம் மேடை என்று கேட்டார். அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

அம்மா இரத்தினம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. தரகர் நமசிவாயம் கொண்டுவந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடவேண்டும் என்பார்கள். சிவமணி மாட்டேன் என்பாள்.

அந்த அறை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மேம்பாலத்துப் படிக்கட்டின் கீழே, மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை அது. உள்ளே இருந்தால் இரும்புத் தூண்களின் வரிசையும், உயரத்தில் தகரக் கூரையும், கூரை முடியும் இடத்தில் தண்டவாளத்தின் மேல் விழுகிற வெயிலும் தெரியும். சண்டை நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகள் அவை. நிலைய வாசலில் மண்மூட்டைகள். உள்ளே வருகிறவர்கள் அடையாள அட்டையை நீட்டி, பையைத் திறந்து காட்டி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். அதெல்லாம் முடிந்து மேடைக்கு வருகிற சனம், ஒலிபெருக்கியில் தமிழ் கேட்டதும் கொஞ்சம் ஆறுதலாக மூச்சு விடுவதை அவள் கண்ணாடியூடாகப் பார்த்திருக்கிறாள்.

இந்தமுறை வந்தது வவுனியாச் சம்பந்தம். மாப்பிள்ளை தவநேசன் அங்கே அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைப் பிள்ளையார் கோவிலில் பெண்பார்ப்பு என்று நமசிவாயம் ஒழுங்கு செய்திருந்தார். படங்கள் தபாலில் எங்கோ தங்கிவிட்டதால், இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

முதல்நாள் சனிக்கிழமை, வவுனியாவிலிருந்து வந்த ரெயின் காலியாகிச் சற்று நேரத்தில், வயதான அம்மா ஒருவர் அறையின் முன் கண்ணாடிக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. கண்டி ரெயின் எப்போது போகும் என்று கேட்டார். சிவமணி சொன்னாள். காலிக்குப் போகிற ரெயின் எப்போது என்றார். அதையும் சொன்னாள். பிறகு பதுளை. கேட்கிற ஊருக்கெல்லாம் போகிறவர்போலத் தெரியவில்லை. பதிலைக் கேட்பதை விட்டு அவளுடைய தலைமயிரையும் கையையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை நாள் முழுக்க நிண்டுகொண்டோ வேலை செய்யிறது?" என்று கேட்டார்.

"இல்லையம்மா, கதிரை இருக்கு. ரெண்டு நாளாக் கால் நோகுது, அதுதான் எழும்பி நிக்கிறன்."

அப்போது பக்கவாட்டுக் கண்ணாடிக்கு வெளியே, மெலிந்த மனிதன் ஒருவன் பத்திரிகையை விரித்துப் பிடித்து அதற்கு மேலால் தன்னைப் பார்ப்பதையும் சிவமணி கவனித்தாள். பத்திரிகை தலைகீழாக இருந்தது. அறையில் கூட இருந்த சந்திராணி, சிங்களத்தில் அறிவிப்பவள், அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் மூன்றாம் மேடையில் விசில் ஊதியது. மணிக்கூட்டின் கீழே ஆளில்லாத பை ஒன்று கிடக்கிறதாம். பட்டாளத்துச் சார்ஜன்ட் ஓடிவந்து, மேடைகளைக் காலி செய்யச் சொல்லி அறிவிக்கும்படி சொன்னார். சந்திராணி சிங்களத்தில் சொல்ல, சிவமணி தமிழில் சொன்னாள். பதறினால் சனம் மிதிபட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். ரெயின் பத்து நிமிடம் தாமதம் என்று சொல்கிற அதே குரலில், எல்லாரும் மெதுவாக முன்வாசலால் வெளியே போகும்படி கேட்டுக்கொண்டாள். சனமும் மெதுவாகவே போனது. கடைசியில், பச்சைக் கோடு போட்ட பழுப்பு நிறப் பையின் சொந்தக்காரர் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும் என்றாள்.

முன் கண்ணாடியில் நின்ற அம்மா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. "அது எங்கட பாக்," என்றார். சொல்லும்போதே பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துவிட்டார். "தவநேசா, உன்னையெல்லோ பாக்கோட நிக்கச் சொன்னனான்?"

பத்திரிகை கீழே இறங்கியது. "நீங்கள் பாக்கடிக்குத் திரும்பி வந்திட்டியள் எண்டு நினைச்சன் அம்மா," என்றான் அவன்.

தவநேசன் என்ற பெயரைக் கேட்டதும் சிவமணிக்கு விளங்கிவிட்டது. கோவிலுக்குச் சோடித்துக் கொண்டு வருவதற்கு முன், வேலை இடத்தில் பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட அம்மா ஒரு பக்கத்தால் நழுவியிருக்கிறார். அதே எண்ணத்தோடு மகன் மற்றப் பக்கத்தால் நழுவியிருக்கிறான். பை நடுவில் அநாதையாகிவிட்டது. அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது. ஆனால் சார்ஜன்ட் வந்து நின்ற விதத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

வவுனியா அடையாள அட்டைகள் இரண்டையும் அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பையின் வாய்வழியாக ஒரு தகர டப்பாவும் அதைச் சுற்றிக் கம்பியும் தெரிகிறது என்று ஒரு சிப்பாய் வந்து சொன்னான். மூடி கழன்று கழன்று விழுந்ததால் தானே செப்புக் கம்பியால் கட்டியதாகத் தவநேசன் நல்ல சிங்களத்தில் விளக்கினான். அவனுடைய நல்ல சிங்களம் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. இரண்டு பேரையும் பொலிசுக்குக் கொண்டுபோவதாகச் சார்ஜன்ட் சொன்னார். அங்கே போனால் திங்கட்கிழமைக்கு முன் வெளியே வருவது நிச்சயமில்லை. தவநேசனின் தாய் பாக்கியலெட்சுமி அம்மா மகனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். சிங்களம் தெரியாவிட்டாலும் பொலிஸ் என்ற சொல் அவருக்கு விளங்கியிருந்தது.

சிவமணி அறையின் கதவைத் திறந்து வெளியே வந்து, இவர்களைத் தனக்குத் தெரியும் என்றாள். நாளாந்தம் காண்கிற முகம் என்பதால் சார்ஜன்ட் நின்று கேட்டார்.

"கவுத மே?" என்றார், யார் இவர் என்று.

தெரிந்தவர் என்றால் போதாது. அயலவர் என்றாலும் போதாது. யோசிக்க நேரமும் இருக்கவில்லை.

"மகே நெந்தம்மா," என்றாள் சிவமணி. என் மாமியார்.

சந்திராணி மைக்கின் சுவிட்சை அவசரமாகத் தடவிப் பார்த்தாள். நல்ல காலம், அது மூடியிருந்தது. தவநேசனின் முகம் காதுவரை சிவந்துபோயிற்று. உனக்குக் கல்யாணம் ஆனது தெரியாதே என்று சார்ஜன்ட் கேட்டார். இன்னும் ஆகவில்லை, ஆகப்போகிறது என்று சிவமணி தரையைப் பார்த்தபடி சொன்னாள். சார்ஜன்ட் தவநேசனை மேலும் கீழும் பார்த்தார். தலைகீழ்ப் பத்திரிகை இன்னும் அவன் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ நம்பிக்கை வந்ததுபோல, பையை அவனே போய்த் திறக்கட்டும் என்றார்.

வெறுமையான மூன்றாம் மேடையில் தவநேசன் தனியே நடந்தான். கூரைப் புறாக்கள்கூட அவனைத்தான் பார்த்தன. கம்பியை அவிழ்த்து டப்பாவைத் திறந்தான். உள்ளே பயத்தம் உருண்டை. ஒன்றைத் தின்று காட்டும்படி தூரத்திலிருந்தே சொன்னார்கள். அவசரத்தில் முழு உருண்டையையும் வாயில் போட்டு, மா தொண்டையில் அடைத்து, அவன் இருமின இருமலில் சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர்ப் போத்தலோடு ஓடியது சிவமணிதான். பையில் வேறு என்ன இருந்தது என்றால், கடதாசியில் சுற்றிய மயில்நீலச் சீலை ஒன்று. சார்ஜன்ட் இரண்டு உருண்டை எடுத்துக்கொண்டு, இனிமேல் பையை விட்டு நகரக்கூடாது என்று அம்மாவிடம் கையால் காட்டிவிட்டுப் போனார்.

"பிள்ளை, அந்த ஆமிக்காரனுக்கு என்ன சொன்னனீ?" என்று பாக்கியலெட்சுமி அம்மா கேட்டார்.

"தெரிஞ்ச ஆக்கள் எண்டு சொன்னனான்."

"அம்மா, அவ சொன்னது வேற," என்றான் தவநேசன். பிறகு அம்மாவிடம் சொல்லாமல் சிவமணியைப் பார்த்தே சொன்னான்: "வவுனியா ரெயினில வரேக்கையெல்லாம் உங்கட குரலைக் கேட்டிருக்கிறன். நீங்கள் வேலையை விடவேண்டாம். நான் கொழும்புக்கு மாற்றம் கேக்கிறன்."

சிவமணி அறைக்குள் ஓடிப்போய் மைக்கின் முன் உட்கார்ந்தாள். மேடைக்குச் சனம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அடுத்த அறிவிப்பில் கண்டி ரெயினைப் பதுளைக்கு அனுப்பி, பிறகு மன்னிப்புக் கேட்டுத் திருத்தினாள்.

மறுநாள் கோவிலில் மூன்று பேரும் ஒருவரையொருவர் முன்பின் கண்டறியாதவர்கள்போல நின்றார்கள். தரகர் ஊர் ஊராக அலைந்து செய்த ஒழுங்கு, அவருடைய மனம் நோகக்கூடாது என்று முதல்நாளே பேசி முடிவு செய்திருந்தார்கள். நமசிவாயம் வெகு பெருமையோடு, இதுதான் பெண், இதுதான் மாப்பிள்ளை என்று அறிமுகம் செய்தார். இரத்தினம்மா பயபக்தியோடு கும்பிட்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது பாக்கியலெட்சுமி அம்மா சிவமணியின் கையைப் பிடித்து, "கால் நோவு இப்ப எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

நமசிவாயம் இரத்தினம்மாவைப் பார்த்தார். இரத்தினம்மா மகளைப் பார்த்தார். தவநேசன் அவசரமாகக் கோபுரத்தைப் பார்க்கத் தொடங்கினான்.