தூரப் பள்ளிப் படிவம்

லமாண்ட் ஐந்து மணிக்கு எழுந்தான். சோளக்கஞ்சி காய்ச்சினான். மகள் ஜோய்லினை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டான். அது அவன் மனைவி ரெனிட்டாவின் வேலை. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

ஆறு மணிக்கு இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரத்து மேற்குப் பகுதியின் கறுப்புப் பிள்ளைகளைக் கிழக்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு படிக்க ஏற்றிச்செல்லும் பஸ். இந்த ஆண்டு முதல், விரும்பினால் தெருமுனைப் பள்ளிக்கே மாறிக்கொள்ளலாம். எந்தப் பள்ளி என்று குறித்துப் படிவத்தை இன்று கொடுத்தாக வேண்டும். தெருமுனைப் பள்ளியில் கணக்குக்கு ஆசிரியர் இல்லை. தூரப் பள்ளியில் எல்லாம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் கறுப்புப் பிள்ளை ஜோய்லின் ஒருத்திதான்.

"பால் தம்ளர்ல ஒரு சொட்டுக் காப்பி மாதிரி எத்தனை நாளைக்குத் தம்பி அவளை அங்க அனுப்புவ?" என்றாள் பக்கத்து வீட்டு வெர்லீன். "வீட்டுப் பக்கத்துல படிக்கணும்கிறதுதான் ரெனிட்டாவோட கடைசி ஆசை."

"எங்கக்கா அப்படிச் சொல்லவே இல்ல," என்றாள் தன் மகனை ஏற்றிவிட வந்திருந்த மைத்துனி டோனீஸ். "தூரத்துப் பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும்னுதான் சொன்னா. இல்லையா அத்தான்?"

"நீ அப்ப கூட இருந்தியாக்கும்?" என்றாள் வெர்லீன்.

"நீங்க இருந்தீங்களா?"

கூட இருந்தவன் லமாண்ட் மட்டும்தான். அவன் ஜோய்லினைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பஸ் போனதும் படிவத்தை முழங்காலில் வைத்து, தூரப் பள்ளிக்கான கட்டத்தில் குறியிட்டான். கீழே காரணம் கேட்டிருந்தார்கள். ரெனிட்டா ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதினான்.

"பஸ்ல தூங்கிடுவா. ஜன்னல் பக்கம் உக்கார வேணாம்னு சொல்லு. கண்ணாடி சில்லுனு இருக்கும்."