குறுக்கே வந்த கை

நுரை தோய்ந்த பிரஷை மகன் உயர்த்தியதும், படுத்திருந்தவரின் இடது கை எழுந்து முகத்துக்குக் குறுக்கே வந்தது.

"ஷேவிங்தான்பா. கையை எடுங்க."

"யார் தம்பி நீங்க? புது கண்டக்டரா?"

"ஆமா."

"டிப்போவுல ஒருத்தனும் சொல்லலையே. ஸ்டாப்புக்கு ஸ்டாப் தூங்காம விசில் ஊதணும், தெரியுதா?"

மூச்சு வாங்கியது. சாயங்காலம் வரை தாங்கினாலே பெரிது என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார்.

கதவருகே நின்ற அக்கா சிரித்தாள். "டேய், வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே வாங்கிக் கட்டிக்கிட்டியா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் தொட்டா சும்மாதான இருக்கார். உன்னைக் கண்டா மட்டும் ஏன்டா இப்படி?"

"தெரியல."

தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், பஸ் எடுக்க நேரமாகிவிட்டதென்று எட்டாவது தடவையாகத் தெருக்கதவைத் திறந்தவரை அவன் அறைந்தான். கண்ணாடி தெறித்து விழுந்தது. "அன்னன்னைக்கு நடக்கிறதை மூளை தூக்கத்துல எடுத்து வைக்கணும். இவர் மூளையில அந்த வேலை நடக்கல. பழசு முன்னாடியே பதிஞ்சதால நிக்குது" என்று அதே வாரம்தான் டாக்டர் விளக்கியிருந்தார். அந்தத் தைரியத்தில்தான் அடித்தான். விடிந்தால் எதுவும் இருக்காது.

இருக்கவுமில்லை. மறுநாள் "என் கண்ணாடியைப் பாத்தீங்களா தம்பி?" என்று சிரித்தபடிதான் கேட்டார். எடுத்து நீட்டினான். கை குறுக்கே வந்தது.

எல்லாம் மறக்கிறவருக்குப் பயம் மட்டும் எப்படி நிற்கும் என்று டாக்டரிடம் கேட்டான். "பயம் வேற இடத்துல பதியும். யாரு, எப்பன்னு அதுக்குத் தெரிய வேண்டியதில்ல" என்ற டாக்டர், எதற்குக் கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு சட்டையை மாற்றிப் பார்த்தான். வலப்பக்கமாக வந்து பார்த்தான். மன்னிப்பும் கேட்டான், அது மறுநாள் வரை நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கை வராமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

இடது கன்னத்தை முடித்தான். அக்கா வெந்நீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்து, அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து, "போதும்டா, விடு" என்றாள்.

"பாதி இருக்கு."

வலது கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது. பிரஷை வெந்நீரில் நனைத்து உயர்த்தினான். உயர்த்தியபடியே நின்றான்.

இடது கை போர்வையின் மேலேயே கிடந்தது.