நர்ஸிங் படிக்கிறவங்க எத்தனை பேர்?

டெக்லன் டானஹியூ தன் வண்டியில் தார்ன்பரோ கல்லூரியின் ஸ்டிக்கரை ஒட்டியது வெள்ளிக்கிழமை காலையில். மகள் இன்னும் சரி என்று சொல்லவில்லை, கல்லூரியும் எழுத்தில் எதுவும் தரவில்லை. ஆனால் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், நுனியில் வலை கட்டிய கோலால் பந்தெறிந்து ஆடும் லாக்ராஸ் ஆடுகிற பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இது ஒரு வியாதி. வண்டியின் பின்கண்ணாடியில் கல்லூரிப் பெயர் ஏறினால்தான் பிள்ளை வளர்த்ததற்கே அர்த்தம். எதிர்வீட்டு வண்டியில் மூன்று மாதமாக ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கிறது. மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"அப்பா, நான் இன்னும் முடிவே பண்ணல," என்றாள் கீலி.

"அவங்க அணியில இருக்கிறது ஒரே ஒரு கோல்கீப்பர் இடம். அதை உனக்குன்னு வெச்சிருக்காங்க. இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? ஏறு வண்டியில."

கீலிக்குப் பதினேழு வயது. எட்டு வயதிலிருந்து வலைக்கு முன்னால் நிற்கிறாள். கல்லு மாதிரி வரும் ரப்பர் பந்தைக் கோலால் தடுப்பாள், முடியாவிட்டால் தொடையால் தடுப்பாள். அவள் கால்களில் நீலம் பாயாத வாரமே கிடையாது. ஆனால் அவள் ஆக ஆசைப்படுவது நர்ஸ். போன ஜனவரியில், ஊர்க்காரர்களே சம்பளம் இல்லாமல் நடத்துகிற ஆம்புலன்ஸில், ஒரு கிழவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல்வரை போனாள். கிழவர் பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வாசலில் நின்றுதான் நர்ஸ் ஆகப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாள். ஆம்புலன்ஸை ஓட்டிவந்தவரே அவர்தான்.

தார்ன்பரோ கல்லூரியின் பயிற்சியாளர் ஹாலிஸ் அம்மாளுக்கும் இது தெரியும். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, அணியில் ஆடிக்கொண்டே நர்ஸிங் படிக்க முடியுமா என்று கீலி கேட்டாள். "நர்ஸிங்கா? தாராளமா! நம்ம கல்லூரியில அது ரொம்ப நல்ல துறை," என்று தேன் ஒழுகச் சொன்னவர் அவர்தான்.

சனிக்கிழமை முழுக்கக் கல்லூரியில் ராஜ உபசாரம். அணியின் உடுப்பை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். தங்குவதற்கு ரென் என்ற மூன்றாம் வருடப் பெண்ணின் விடுதி அறையைக் கொடுத்தார்கள். மெத்தையை உதறிப்போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்:

"என்னடி படிக்கப் போற?"

"நர்ஸிங்."

ரென் சிரித்துவிட்டாள். "நானும் அதுக்குத்தான் வந்தேன். இப்ப விளையாட்டு நிர்வாகம் படிக்கிறேன். எனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் அதேதான்."

"ஏன், மாத்தச் சொன்னாங்களா?"

"சேச்சே, யாரும் சொல்ல மாட்டாங்க. நர்ஸிங் படிச்சா செவ்வாயும் வியாழனும் காலையில ஆறரைக்கு ஆஸ்பத்திரி வார்டுல நிக்கணும். அதே ரெண்டு நாளும் ஆறு மணிக்கு அணிப் பயிற்சி. வார்டுக்குப் போ, தாராளமாப் போ. சனிக்கிழமை ஆட்டத்துல ஆடாம பெஞ்சுல உக்காரு. அவ்வளவுதான்."

கீலிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வக்கணையான ஏற்பாடு! கதவைத் திறந்தே வைத்திருப்பார்களாம், நிலையை மட்டும் ஆள் நுழைய முடியாத அளவுக்கு இறக்கிவிடுவார்களாம்.

ஞாயிறு காலைச் சாப்பாட்டின்போது மேசையைச் சுற்றி, அணிக்கு அழைக்கப்பட்ட பிள்ளைகளின் நான்கு குடும்பங்கள். பேன்கேக்கும் சிரிப்பும் பரிமாறிக்கொண்டிருந்தார் ஹாலிஸ். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார், இருக்காது என்ற நம்பிக்கையில்.

"எனக்கு இருக்கு, கோச்," என்றாள் கீலி. "இப்ப உங்க அணியில நர்ஸிங் படிக்கிறவங்க எத்தனை பேர்?"

மேசைக்கடியில் அப்பாவின் பூட்ஸ் அவள் காலில் இடித்தது, அதுவும் நீலம் பாய்ந்த இடத்தில்.

"பிள்ளைங்களுக்கு இங்க வந்த பிறகு ஆர்வம் மாறும், கண்ணு. அது இயற்கை."

"சரிங்க கோச். எத்தனை பேர்?"

"நல்ல கேள்வி. அப்புறம் தனியாப் பேசுவோம்," என்று ஹாலிஸ் அடுத்த குடும்பத்திடம் நகர்ந்தார். கிளம்பும்போது தனியாகப் பேசத்தான் செய்தார். திங்கள் மதியத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் இடம் இன்னொருத்திக்கு என்றார். எண்ணிக்கை மட்டும் வாயிலிருந்து வரவில்லை.

நெடுஞ்சாலையில் ஏறியதும் டெக்லன் வெடித்தார். "மானத்தை வாங்கிட்டியே! ஒன்பது வருஷமா உன்னைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்கு ஓடல நான்? பெரிய வக்கீலு, குறுக்கு விசாரணை பண்றா!"

"நான் கேட்டது ஒரே ஒரு நம்பர்ப்பா."

"வாயை மூடு. நான் மன்னிப்புக் கேக்கறேன்."

வழியில் வண்டிகள் இளைப்பாறும் இடத்தில் நிறுத்தி, வண்டிக்குள்ளிருந்தே ஹாலிஸைத் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மகள் பக்கத்தில் இருப்பதை அவர் சொல்லவுமில்லை, அந்த அம்மாள் கேட்கவுமில்லை.

"நீங்க வருத்தமே படாதீங்க, டெக்லன்," என்றார் ஹாலிஸ். "இந்த வயசுல எல்லாப் பிள்ளைங்களும் நர்ஸ் ஆகணும்னுதான் சொல்லும். நாங்க தடுக்கவே மாட்டோம். ரெண்டு மூணு ஆட்டம் பெஞ்சுல உக்காந்தா, பாடத்தை மாத்திக் குடுங்கன்னு தானே வந்து நிக்கும். ஒரு வாரம் அழும். அப்புறம் சரியாயிடும்."

டெக்லன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முன்னாடியே சொல்லிட்டுக் கூப்பிட்டிருக்கலாமே, கோச்?"

"சொன்னா யாரு வருவா?" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

நல்லா இருக்கு நியாயம்! பொய் சொல்ல ஒரு வாய், அதைச் சொல்லிச் சிரிக்க இன்னொரு வாய். அந்தச் சிரிப்புதான் டெக்லனைச் சுட்டது. ஒரு வாரம் அழும் என்று சொன்னது அவர் பிள்ளையைப் பற்றி. ஆம்புலன்ஸ் கண்ணாடியில் அன்றைக்கு அவர் பார்த்த, கிழவரின் நெஞ்சை அழுத்திய அந்தக் கைகளைப் பற்றி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பயிற்சியாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தார்.

இறங்கிப் பின்பக்கம் போனார். கருவிப் பெட்டியிலிருந்து பெயின்ட் சுரண்டும் தகட்டை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினார். நல்ல ஸ்டிக்கர், லேசில் வரவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே சுரண்டினார். பக்கத்தில் நிறுத்திய குடும்பம் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு விலகிப் போனது.

"நான்தான்டா முட்டாள்," என்றார் கண்ணாடியைப் பார்த்து. பிறகு மகளிடம், "அப்பா காலால இடிச்சது வலிக்குதாம்மா?"

"வலிக்குது," என்றாள் கீலி. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அவள் தொலைபேசியை எடுத்து ஹாலிஸுக்கு ஒரே வரி அனுப்பினாள். கோச், இப்போது உங்கள் அணியில் நர்ஸிங் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. டெக்லன் தகட்டோடு வந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். கடைசியில் வந்தது: கோல்கீப்பர் இடம் நிரம்பிவிட்டது, உன் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

"திங்கள் மதியம்வரைக்கும்னுதானே சொன்னா?" என்றார் டெக்லன். "எத்தனைன்னு சொல்லவே இல்லையே அந்தப் பொம்பளை!"

"சொல்லிட்டாங்கப்பா," என்றாள் கீலி. "ஒருத்தர்கூட இல்ல."